எடுப்பார் இல்லாத கலயம்

ஐப்பசி பிறந்துவிட்டால் காவிரியின் கடைமடைக்கு ஒரு தவக்கோலம் வந்துவிடும். நெடுங்காட்டு வயல்களில் நடவு முடிந்து, நாற்றுகள் தேங்கிய நீரில் தலை தாழ்த்தி நிற்கும். திருநள்ளாற்றுக் குளத்தில் விழும் தூறல், எங்கோ தொலைவில் ஒருவர் பதிகம் ஓதுவதுபோல் ஒரே சந்தத்தில் இடைவிடாது ஒலிக்கும். கிழக்கே கடல் தன் நீலத்தைக் களைந்துவிட்டு உடலெங்கும் சாம்பல் பூசிக்கொள்ளும். வாடைக்காற்று கரையோரச் சவுக்குத் தோப்பினுள் நுழைந்து, சொல்ல வந்ததைச் சொல்லாமலே திரும்பிப் போகும். ஆண்டில் எல்லாப் பருவமும் இறைவன் தருவதே. ஆயினும் ஐப்பசியும் கார்த்திகையும் அவன் நம்மை உற்றுப் பார்க்கும் மாதங்கள் என்று இந்தக் கரையில் வாழ்வோர் நெஞ்சார நம்பினர்.

காரைக்காலுக்குத் தெற்கே, கடலுக்கும் ஓர் உப்பனாற்றுக்கும் நடுவே கிடந்தது புன்னைத்திட்டு. நாற்பத்து மூன்று கூரை வீடுகள், ஓர் எல்லையம்மன் கோயில், மேட்டின்மேல் ஓடு வேய்ந்த ஓர் அரசுப் பள்ளிக்கூடம், இவ்வளவுதான் ஊர். அவ்வூரார் கடலுக்கு அஞ்சியதில்லை, சொல்லுக்கு அஞ்சினர். புறப்படுகிறவனை 'எங்கே போகிறாய்' என்று கேட்பது அங்கே பெருங்குற்றம். ஆட்களைத் தலை எண்ணுவது அதனினும் பெரிய குற்றம். வரவிருக்கும் தீங்கைப் பற்றி வாய் திறப்பதோ, அத்தீங்குக்கு வாசலில் கோலம் போடுவதற்கு ஒப்பு.

இந்த நெறிகளுக்கெல்லாம் காவலராக இருந்தவர் ஊர் நாட்டாண்மை நீலமேகம். ஐம்பத்தைந்து வயதிலும் கட்டுமரத்தைத் தனியாளாகப் புரட்டக்கூடிய தோள்கள். யாரையும் ஏமாற்றாத நெஞ்சு. தாம் சொன்னதை மாற்றிக்கொள்ளாத நாக்கு.

எழுபதுகளின் பிற்பகுதியில் ஓர் ஐப்பசி நாள் காலை. வலைக் கொட்டகையில் ஆடவர் நால்வர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு தாளுடன் வந்து நின்றாள் சலோமி. பள்ளியின் ஒரே ஆசிரியை. காரைக்கால் நகரத்துக் கிறித்தவக் குடும்பத்துப் பெண். நாள்தோறும் மிதிவண்டியில் வந்து போவாள்.

"வாங்க டீச்சரம்மா, குந்துங்க. என்னா, எங்க புள்ளைவ பள்ளிக்கூடத்து ஓட்ட ஒடைச்சுடுச்சா?" என்றார் நீலமேகம், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இல்லைங்க ஐயா. ஆபீசுலேருந்து படிவம் அனுப்பியிருக்காங்க. புயல் வந்தா யாரை எங்க கொண்டுபோறது, யாரு தூக்கிட்டுப் போறதுன்னு முன்னாடியே எழுதி வைக்கணுமாம். எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை பேரு..."

"நிறுத்துங்க." வலை பின்னும் கோல் நின்றது. "நல்ல நாளும் அதுவுமா காலங்காத்தால என்னா பேச்சு இது? எண்ணுன மீனு நாறும், எண்ணுன தலை கொறையும். எங்க அப்பன் பாட்டன் சொன்னது."

வலையின் மறுமுனையில் அமர்ந்திருந்த ஒருவன் சிரித்தான். "ஆபீசருக்கு ஆளை எண்ணணும்னா ரேசன் கடையில வந்து எண்ணிக்கிடச் சொல்லுங்க டீச்சரு. அங்க செத்தவங்கூட வரிசையில நிப்பான்!"

கொட்டகை முழுவதும் நகைத்தது. சலோமியும் நகைத்தாள். பிறகு அமைதியாகச் சொன்னாள். "போன வருசம் நாகப்பட்டினத்துப் பக்கம் அடிச்ச காத்தை நீங்களும் பாத்தீங்களே ஐயா. யாரு இருக்கா, யாரு போயிட்டான்னே தெரியாம நாலு நாள் தேடுனாங்க."

"அது அவுங்க விதி. நம்ம ஊருக்கு எல்லையம்மா இருக்கா."

"இருக்காங்க ஐயா. ஆனா அம்மன் கோயிலுக்கே நீங்க கதவு போட்டுப் பூட்டித்தானே வச்சிருக்கீங்க?"

நீலமேகத்தின் புருவம் உயர்ந்தது, தாழ்ந்தது. "வாய் நல்லாத்தான் இருக்கு, டவுனு வாயில்ல! புள்ளைவளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் குடுங்க, போதும். கடலுக்குப் பாடம் நடத்த வேணாம்."

சலோமி தாளை மடித்துக்கொண்டு திரும்பினாள். அவளுக்குச் சினம் வரவில்லை. மூடிய கதவை இடித்துக்கொண்டு நிற்பவள் அல்லள் அவள். வீட்டுக்கு வேறு வாயில் உண்டா என்று பார்ப்பவள்.

அந்த வேறு வாயில் தையல்நாயகி. நீலமேகத்தின் மனைவி, தலையில் மீன்கூடையுடன் ஊர் ஊராய் நடந்து விற்று, குரலில் எவரையும் வெல்லக் கூடியவள். மறுநாள் பள்ளிக் கிணற்றடியில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது சலோமி பேச்செடுத்தாள்.

"அக்கா, காத்து மழைக்கு ஊரே பள்ளிக்கூடத்துல வந்து நின்னா, அடுப்புக்கு அரிசி யாருகிட்ட இருக்கு?"

"யாருகிட்டயும் இருக்காது. அன்னன்னிக்கு வாங்குறது, அன்னன்னிக்குப் பொங்குறது."

"வீட்டுக்கு ஒரு கலயம். அதுல ஆளுக்கு ஒரு பிடி அரிசி. இங்க அலமாரியில வச்சிடுவோம். ஆளை எண்ண வேணாம், அரிசியப் போட்டா போதும்."

தையல்நாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பொல்லாத ஆளுதான் நீங்க. அவரு நாக்கு அவரு ராஜ்ஜியம். அரிசிப்பானை எங்க ராஜ்ஜியம். அதுல யாரும் தலையிட முடியாது."

அடுத்த வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் அனைவரும் கலயங்களோடு புறப்பட்டனர். வலையின் மிதப்புக் கட்டைகளில் ஒவ்வொரு குடும்பமும் இடும் குறி உண்டல்லவா? பிறை, நண்டுக்கால், மூன்று கோடு என அந்தக் குறிகளையே கலயங்களின்மேல் சுண்ணாம்பால் எழுதியிருந்தனர். கடற்கரை வழியே வர வேண்டாம், சவுக்குத் தோப்புக்குப் பின்னால் உள்ள மேட்டுவரப்பு வழியே வாருங்கள் என்று சலோமி சொல்லியிருந்தாள். கால் விளங்காத சோமுவைத் தூளிபோல் வலையில் இட்டு இருவர் தூக்கிவந்தனர். "என்னாடா இது, சுறா பிடிச்சிட்டு வாறியளா?" என்று வழியெல்லாம் கேலி. "சுறாவா இருந்தா வெலை போவும், இது சும்மா கருவாடு!" என்றான் சோமுவே. பள்ளிக்கூடத்தில் ஒவ்வொருத்தியும் தன் கலயத்தில் அரிசி இட்டபோது அவள் உதடு தானாக அசைந்தது: இது மாமியாருக்கு, இது அவுங்களுக்கு, இது பெரியவளுக்கு, இது வயித்துப் புள்ளைக்கு. எண்ணிக்கை அங்கே ஒரு வேண்டுதலாயிற்று.

ஊரார் அறியாமலே ஓர் ஒத்திகை நடந்து முடிந்தது. எந்த வழி, எவ்வளவு நேரம், யாரை யார் தூக்குவது என்பதெல்லாம் கால்களுக்குப் பழகிவிட்டன. மணி மூன்று மூன்றாக அடித்தால் புறப்பட வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் விளையாட்டாகவே வீட்டில் சொல்லிவைத்தனர். காரைக்கால் கடைத்தெரு வணிகர் ஜெய்னுலாபுதீன் கொடுத்த இரண்டு பீப்பாய்களில் குடிநீர் நிரப்பப்பட்டது. தகரப் பெட்டியொன்றில் தீப்பெட்டி, துணிக்கிழி, மருந்து. ஊருக்குள் திரும்பிப் போய்ப் பார்க்க நேர்ந்தால் யார் போவது என்று நான்கு இளைஞர்களைத் தையல்நாயகியே பெயர் சொல்லித் தேர்ந்தாள். தேர்வடம்போல் கனத்த கயிறு ஒன்றும் அவர்கள் பொறுப்பில் வந்தது.

நீலமேகம் எல்லாவற்றையும் பார்த்தார். "அரிசி வைக்கிறது புண்ணியந்தான்" என்று மட்டும் சொன்னார். அந்த அளவுக்கு அவர் நாக்கு வளைந்ததே பெரிது.

கார்த்திகை முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை. துறைமுகத்தில் அபாயக் கூண்டு ஏற்றியிருப்பதாகத் திருச்சி வானொலி காலையிலேயே சொன்னது. கடலுக்குப் போனவர்கள் முற்பகலுக்குள் கரைக்கு வந்து, கட்டுமரங்களை உப்பனாற்றுப் பக்கம் இழுத்துப் போட்டனர். உச்சிப்பொழுதில் வானம் ஈயத்தகடாய்த் தாழ்ந்தது. வானொலி கேட்டு மிதிவண்டியில் விரைந்து வந்திருந்த சலோமி அடிக்க, பள்ளிமணி மூன்று மூன்றாக ஒலித்தது.

அன்று ஊர் ஓடவில்லை, நடந்தது. சோமு மீண்டும் வலையேறினான். பெண்கள் மேட்டுவரப்பிலே ஒருவர் முந்தானையை ஒருவர் பற்றிக்கொண்டு வந்தனர். நீலமேகம் கடைசியாகக் கோயிலைப் பூட்டிவிட்டு வந்தார். பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்தியபோது முதல் பெருங்காற்று சவுக்குத் தோப்பில் மோதி, மரங்கள் முறியும் ஓசை வெடிபோல் கேட்டது.

"எல்லாரும் வந்தாச்சா ஐயா?" என்றாள் சலோமி.

"வந்தாச்சு, வந்தாச்சு. எண்ணாதீங்க."

சலோமி எண்ணவில்லை. நாற்பத்து மூன்று கலயத்து அரிசியையும் ஒன்றாய்க் கொட்டிப் பெண்கள் கஞ்சி காய்ச்சினர். பிறகு அவரவர் குறியிட்ட கலயத்தில் ஆளுக்கு ஓர் அகப்பை என்று ஊற்றி, வரிசையாக வைத்தனர். பிறைக் கலயத்தை ஒருத்தி எடுத்தாள். நண்டுக்கால் கலயத்தை ஒருவன் எடுத்தான். கலயங்கள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒன்று நின்றது. இரட்டைத் துடுப்புக் குறி. அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. எடுக்க எவரும் வரவில்லை.

"இது யாரு வீட்டுக் கலயம்?" என்றாள் சலோமி.

நீலமேகம் நிமிர்ந்து பார்த்தார். அந்தக் குறியை அவர் அறிவார். மகள் அஞ்சுகத்தை மணம் முடித்துக் கொடுத்தபோது, மருமகன் மாணிக்கவேலின் முதல் வலைக்கு அவரே செதுக்கிக் கொடுத்த குறி அது.

"அஞ்சுகம் எங்கடி?" என்று மனைவியைக் கேட்டார்.

"மாமியாரோட வந்துருப்பான்னு நெனச்சேன்..." தையல்நாயகி கூட்டத்தினுள் தேடிப் பார்த்தாள்.

"ஆத்தா வீட்டோட வந்துருப்பான்னு நானு..." என்றாள் மூலையில் இருந்த, தனிவீட்டில் வாழும் மாமியார்.

"மாப்ளய யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. விடியலில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவன் மாணிக்கவேல். அவனுடைய கட்டுமரம் கரையில்தான் கிடந்தது; ஆனால் ஆள் குறைந்தால் பக்கத்து ஊர் வல்லப் படகில் ஏறிப் போவதும் அவன் வழக்கம். எங்கே போகிறான் என்று எவரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாதே!

நீலமேகம் கதவை நோக்கித் திரும்பினார். "புருசன் கடல்ல இருக்கயில காத்து மாறுனா பொண்டாட்டி வாசப்படி தாண்டக் கூடாது. தாண்டுனா அவன் கரை சேர மாட்டாம்பாங்க. அவ அங்கதான் நிப்பா. ரெண்டு புள்ளையையும் வச்சிக்கிட்டு அங்கதான் நிப்பா. நான்தான் சொல்லி வளத்தேன்."

சலோமி வழியை எண்ணியிருந்தாள், நீரை எண்ணியிருந்தாள், அரிசியை எண்ணியிருந்தாள். இப்படி ஒரு வழக்கம் இவ்வூரில் உண்டா என்று கேட்டு வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டையும் கடைசியாக ஒருவர் எட்டிப் பார்க்கவும் அவள் ஏற்பாடு செய்யவில்லை. அந்தக் குறையை நினைத்து வருந்த இது நேரமன்று. "கயித்துக்காரங்க நாலு பேரும் வாங்க" என்றாள்.

நால்வரும் ஏற்கெனவே எழுந்து நின்றனர். யார் போவது என்று வாதம் இல்லை, கூச்சல் இல்லை. வடம் இடுப்புகளில் ஏறியது. ஐந்தாவதாகத் தம் இடுப்பில் முடிச்சிட்டுக்கொண்டார் நீலமேகம். அவரைத் தடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

கதவைத் திறந்தபோது மேற்கிலிருந்து ஒருவன் மழையில் தள்ளாடி வந்து, வாசலிலேயே விழுந்தான். மாணிக்கவேல்!

"மாப்ள! நீ கடல்ல இல்லியா?"

"கடலா? பூவத்துக்குப் போனேன் மாமா, கட்டுமரத்துக்கு மரம் ஒண்ணு பாக்க. பஸ்ஸு நின்னுபோச்சு, நடந்தே வாறேன்." மூச்சு வாங்க உள்ளே பார்த்தான். "அஞ்சுகம் எங்க?"

நீலமேகம் கயிற்றின் மிச்ச முனையை அவனிடம் நீட்டினார்.

வடத்தின் ஒரு தலைப்பு பள்ளித் தூணில் கட்டப்பட்டிருந்தது. அறுவரும் மேட்டுவரப்பு முடியும் இடத்தில் நீரில் இறங்கினர். கடல் ஊருக்குள் வந்திருந்தது. வீடுகளின் கூரைகள் ஒவ்வொன்றாய்க் கழன்று பறந்தன. அஞ்சுகத்தின் வீடு இன்னும் நின்றது. அவள் வாசற்படியில் நின்றாள். முழங்காலுக்குமேல் நீர், இடுப்பில் ஒரு பிள்ளை, தோளில் ஒரு பிள்ளை.

"வா அஞ்சுகம்! வந்துடும்மா!" என்று கதறினார் நீலமேகம்.

"புள்ளைவள வாங்கிக்குங்கப்பா. நான் வரல. அவுங்க கடல்ல இருக்கயில நான் படி தாண்ட மாட்டேன்."

"நான் தாண்டச் சொல்றேண்டி! நாட்டாண்மை சொல்றேன்!"

"நீங்கதானப்பா தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்க!"

காற்று அவர் வாயை அடைத்ததோ, அந்தச் சொல் அடைத்ததோ, அவர் நின்றுவிட்டார். அப்போது அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் உடைந்து எழுந்தது.

"ஏய் அஞ்சுகம்! நான் கரையிலதாண்டி இருக்கேன்!"

அவள் பார்த்தாள். நம்பவில்லை. மறுபடியும் பார்த்தாள். பிறகு நீரில் பாய்ந்து வந்து, பிள்ளைகளைத் தன் அப்பன் கையில் திணித்துவிட்டு, கணவன் மார்பில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்.

"எங்க போறேன்னு சொல்லிட்டுப் போனா என்னா கொறஞ்சு போவும் ஒங்களுக்கு?"

"நீ கேக்கலியே..."

"கேக்கக் கூடாதுன்னாங்களே!"

அழுகையும் சினமும் ஒன்றாய்ப் பெருக, வடத்தைப் பற்றியபடி அனைவரும் மேடேறினர். அவர்கள் வரப்பில் கால் வைத்தபோது பின்னால் ஓர் ஓசை. திரும்பிப் பார்த்தனர். வீடு இருந்த இடத்தில் நீர் மட்டும் இருந்தது. அந்த வாசற்படியும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் காற்று தணிந்தது. புன்னைத்திட்டில் ஒன்பது கூரைகளே மிஞ்சின. ஆனால் பள்ளிக்கூடத்தினுள் அத்தனை உயிரும் இருந்தன.

இரண்டு நாள் கழித்து, நீர் வடிந்த கொட்டகைத் தரையில் ஊர் கூடியது. நீலமேகம் எழுந்து நின்றார். கை கூப்பித் தொடங்கினார்.

"நான் தப்புச் சொல்லிட்டேன், எல்லாரும் கேளுங்க. கெட்டதப் பேசுனா கெட்டது வந்துடும்னு வாய மூடிக்கிட்டு இருந்தோம். பேசலன்னு பொயல் வராம இருந்துச்சா? வந்துச்சு. எம் மவளத்தான் தேடிக்கிட்டு வந்துச்சு. அவள அம்மன் காப்பாத்துனா. எதை வச்சிக் காப்பாத்துனா? ஒரு கலயத்த வச்சி, ஒரு கயித்த வச்சி, முன்கூட்டியே பேரு சொல்லி வச்ச நாலு பேர வச்சி. இன்னிலேருந்து கடலுக்குப் போறவன் கேக்காமலே சொல்லிட்டுப் போவணும், எங்க போறேன், எப்ப வருவேன்னு. காத்து மாறுனா எவளும் படியில நிக்கக் கூடாது, மணிச் சத்தம்தான் படி. ஆபத்துக்கு முன்னாடியே ஏற்பாடு பண்றது அபசகுனம் இல்ல. சாமி குடுத்த உசுருக்கு நாம செய்ற மரியாத. ஏற்பாடு பண்ணாம சாமிமேல பழி போடுறதுதான் பாவம்."

பிறகு சலோமியின் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, அந்தத் தாளு இருந்தா எடுங்க. வீடு வீடா நான் சொல்றேன்."

"எழுதுறேன் ஐயா. ஆனா நானும் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். இந்த ஊர்ப் பழக்கத்தையெல்லாம் கேட்டுக்காமலே திட்டம் போட்டுட்டேன். ஒவ்வொரு வீட்டையும் கடைசியா எட்டிப் பாக்க ஒரு ஆளு வேணும். வருசா வருசம் ஐப்பசி பொறந்ததும் திரும்பத் திரும்பப் பேசிப் பாக்கணும்."

"அந்த ஆளு நான்தான்" என்றாள் அஞ்சுகம், கூட்டத்தின் நடுவிலிருந்து. "எந்த வீட்டுல எவ நிப்பான்னு எனக்குத்தான் தெரியும்." ஒரு சிரிப்பு எழுந்து, ஈரத்தில் நனைந்த ஊரைச் சற்றே உலர்த்தியது.

வீடுகளின் விவரம் அனைத்தும் எழுதி முடிந்தபின் நீலமேகம் தனியே எழுந்து போனார். எல்லையம்மன் கருவறைக்குள் கடல் மணலைக் கொண்டுவந்து கொட்டியிருந்தது. அம்மன் திருவடி மறைந்திருந்தது. அவர் மண்வெட்டியைத் தேடவில்லை. மண்டியிட்டு, இரு கைகளாலும் மணலை அள்ளி அள்ளி வெளியே இட்டார். திருவடி தெரிந்ததும் தம் மேல்துண்டால் மெல்லத் துடைத்தார். பிறகு அந்தப் பாதத்தில் நெற்றி வைத்து, நெடுநேரம் எழாமல் கிடந்தார். விவரத்தாளுடன் அவ்வழியே வந்த சலோமி வாசலுக்கு வெளியே நின்றாள். ஓசையின்றிச் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டாள்.

அலை கடக்கும் ஆடவர் நலமே கரை சேர்க. கரை காக்கும் மகளிர் கண்ணீர் அறியாதிருக்க. வருமுன் எண்ணும் மதியை வானவன் எல்லா ஊர்க்கும் அருள்க. மழை அளவாய்ப் பொழிக, கடல் எல்லை காக்க, கடைமடை வாழ்க.